சொன்னபடி நிமிர்ந்த தலை

யாவ் ஷூச்சின் அந்த வெயர்ஹவுசுக்கு வேலைக்கு வந்து மூன்றாம் நாள், பின்னேரம் நாலு மணிபோல, கையில் போனை வைத்துக்கொண்டு ஏழாம் வரிசையின் நடுவில் திகைத்துப்போய் நின்றாள். பெட்டிகள் அடுக்கிய பலெற் ஒன்றை இழுத்துக்கொண்டு அவ்வழியால் வந்த புனிதவதிக்கு, ஏதோ துக்கச் செய்திதான் வந்துவிட்டதாக்கும் என்று பட்டது. கிட்டப் போய் என்ன நடந்தது என்று கேட்டாள்.

"வின்சன்ற் கோல் பண்ணச் சொன்னார். யாருக்கு என்று சொல்லவில்லை," என்றாள் ஷூச்சின்.

வின்சன்ற் அவர்களுடைய சுப்பர்வைசர். அவர் சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்லும்படி புனிதவதி கேட்டாள். ஷூச்சின் ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள்: "லெற்ஸ். கோல். இற். எ. டே."

வந்த சிரிப்பைப் புனிதவதி அடக்கிக்கொண்டாள். "ஒருவருக்கும் கோல் பண்ண வேண்டாம். இன்றைக்கு வேலை போதும், வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லியிருக்கிறார்."

"அப்படியானால் ஏன் கோல் என்கிறார்?"

 இருபத்துநாலு வருடமாக அதைக் கேட்டும் சொல்லியும் பழகிய புனிதவதிக்கு, ஏன் என்ற கேள்வி ஒருநாளும் எழுந்ததில்லை.

இருவரும் பேசிக்கொண்டது ஆங்கிலத்தில். இரண்டு பேருடையதும் உடைந்த ஆங்கிலம்தான், ஆனால் வேறு வேறு இடத்தில் உடைந்தது. புனிதவதி வேகமாகப் பேசுவாள், காலங்களைக் குழப்புவாள். ஷூச்சின் ஒவ்வொரு சொல்லையும் சுத்தமாக உச்சரிப்பாள். ஆனால் சொற்களுக்கு நடுவே ஒரு பெருமூச்சு விடும் அளவு இடைவெளி இருக்கும். அவளுக்கு வயது ஐம்பத்துநாலு. சீனாவின் வடகிழக்கில், பனி அதிகமாகக் கொட்டும் ஒரு ஊர். புருஷன் இறந்த பிறகு மகளோடு இருக்க ரொறன்ரோ வந்தாள். இரண்டு வருடத்தில் மகளுக்குக் கல்கரியில் வேலை கிடைத்துவிட்டது. "நீயும் வா" என்று மகள் கூப்பிட்டாள். மகளின் ஒரு வீட்டு அறையிலிருந்து மகளின் இன்னொரு வீட்டு அறைக்குப் போவதற்கு ஷூச்சினுக்கு மனம் வரவில்லை. பக்கத்து மார்க்கம் நகரில் ஒரு வீட்டின் பேஸ்மென்றை வாடகைக்கு எடுத்து, வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சி ஒன்றில் பதிந்து, சமையல் சாமான்கள் இறக்குமதி செய்யும் இந்த இடத்துக்கு வந்து சேர்ந்தாள். ஏஜென்சி ஆள் என்றால் நிரந்தரம் இல்லை. நாளைக்கு வரவேண்டாம் என்று ஒரு மெசேஜ் வந்தால் அத்தோடு சரி.

புனிதவதி அங்கே பதினோரு வருடமாக நிரந்தரம். யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்தவள். வந்த புதிதில் ஒரு கோப்பிக் கடையில் நின்றபோது, முதலாளி ஒருநாள் காலையில் உள்ளே வந்து, "யூ ஆர் ஓல் ஃபயர்ட் அப் ருடே" என்றார். மற்றதெல்லாம் காதில் விழவில்லை. ஃபயர்ட் என்பது மட்டும் விழுந்தது. வேலை போய்விட்டது என்று கழிப்பறைக்குள் போய் அரைமணி நேரம் அழுதாள். கடைசியில் முதலாளியே கதவைத் தட்டி, நீ உற்சாகமாக வேலை செய்கிறாய் என்றல்லவா சொன்னேன் என்று விளங்கப்படுத்தினார். இந்தக் கதையை அவள் வீட்டில்கூட ஒருவருக்கும் சொன்னதில்லை. ஷூச்சினுக்குத்தான் முதல்முதல் சொன்னாள். ஷூச்சின் சிரிக்கவில்லை. "அரைமணி நேரம் நீண்ட நேரம்," என்றாள்.

அன்றிலிருந்து இரண்டு பேரும் மத்தியானச் சாப்பாட்டுக்கு ஒன்றாக இருக்கத் தொடங்கினார்கள்.

ஷூச்சின் ஆங்கிலச் சொல்வழக்குகளை ஒரு வெறியோடு சேர்த்தாள். பெட்டிகளில் ஒட்டும் லேபிளை உரித்த பிறகு மிஞ்சும் வழுவழுப்பான தாளில் எழுதி, வேலைக்கு அணியும் மஞ்சள் வெஸ்ற்றின் பையில் திணித்துக்கொள்வாள். சாப்பாட்டு மேசையில் அவற்றைப் பரப்பிவைத்து ஒரு விசாரணையே நடக்கும். தடிமனும் காய்ச்சலும் பிடித்த ஒருவன் தான் அண்டர் த வெதர் என்று சொன்னானாம். "எல்லோரும்தானே காலநிலைக்குக் கீழே இருக்கிறோம்? மேலே இருப்பது யார்?" வாடகைக்கு விட்ட வீட்டுக்காரி, மனம் தளராதே என்பதற்கு ஹாங் இன் தெயார் என்று மெசேஜ் போட்டாளாம். "எதில் தொங்குவது?"

ஒரு செவ்வாய்க்கிழமை அவள் தாள்களைத் தரம்பிரித்து வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னாள். "இங்கிலீஷ்காரருக்கு உடம்பு முழுக்க வருத்தம். பாதம் குளிர்ந்தால் பயம். தோள் குளிர்ந்தால் பேச விருப்பம் இல்லை. கழுத்து நோவு என்றால் அது தொல்லை தருகிற ஒரு மனிதர். பகிடிக்குக் காலை இழுக்கிறார்கள். விலை கூடினால் கையும் காலும் கொடுக்கிறார்கள்."

புனிதவதிக்குப் புரை ஏறும் அளவுக்குச் சிரிப்பு. பிறகு யோசித்துப் பார்த்தால் தமிழும் அப்படித்தானே என்றிருந்தது. கையைக் கழுவிவிட்டான் என்கிறோம், காலை வாரினான் என்கிறோம். பொறாமைக்கு என்ன சொல்வீர்கள் என்று ஷூச்சின் கேட்டபோது, வயிறு எரியும் என்றாள். ஷூச்சின் மேசையில் தட்டினாள். "நாங்கள் வினாகிரி குடிப்போம். காதலில் பொறாமை வந்தால் வினாகிரி குடித்தாள் என்போம். அதுவும் வயிறுதான்!"

இன்னொரு நாள் புனிதவதி ஒரு பாரமான பெட்டியைத் தூக்க முடியாமல் முக்கிக்கொண்டு நிற்க, பின்னாலிருந்து ஷூச்சின், "எண்ணெய் ஊற்று! எண்ணெய் ஊற்று!" என்று கத்தினாள். எரிகிற இடத்தில் இன்னும் எண்ணெய் ஊற்றுகிறாளே என்று புனிதவதிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. விடாதே, உன்னால் முடியும் என்பதைச் சீனத்தில் அப்படித்தான் சொல்வார்கள் என்று தெரிந்தபோது வெட்கமாகப் போய்விட்டது.

இப்படியே ஏழு மாதம் போயிற்று.

நவம்பர் மாதம். கிறிஸ்மஸ் ஓடர்கள் குவிந்து, சாமான் அடுக்கும் இரும்புத் தட்டுகள் எல்லாம் உச்சிவரை நிரம்பியிருந்தன. வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு, ஒன்பதாம் வரிசையில் ஷூச்சின் ஸ்கானரால் பெட்டிகளைப் பதிந்துகொண்டிருந்தாள். தட்டின் மறுபக்கத்தில் பாரம் தூக்கும் ஃபோர்க்லிஃப்ற் வண்டியை ஓட்டியவன் ஒரு பலெற்றைக் கொஞ்சம் அதிகமாக உள்ளே தள்ளிவிட்டான். இந்தப் பக்கம் மூன்றாம் தட்டில் இருந்த ஒரு பெட்டி மெல்ல நகர்ந்து, விளிம்புக்கு வந்து, சரிந்தது. வரிசையின் முனையில் நின்ற புனிதவதி அதைக் கண்டாள்.

"ஹெட்ஸ் அப்!" என்று தன் குரல் முழுவதையும் சேர்த்துக் கத்தினாள்.

அந்த வெயர்ஹவுசில் எல்லோரும் கத்துவது அதைத்தான். மேலேயிருந்து ஏதோ விழுகிறது, தலை கவனம், விலத்து என்று அர்த்தம். ஷூச்சினுக்கு அது நன்றாகக் கேட்டது. ஸ்கானரைத் தாழ்த்தினாள். தலையை நிமிர்த்தி, நேரே மேலே பார்த்தாள்.

சட்டி மூடிகள் நிரம்பிய அந்தப் பெட்டியின் மூலை அவளுடைய இடது கன்னத்தில், கண்ணுக்குக் கீழே விழுந்தது.

அம்புலன்ஸ் வரும்வரை புனிதவதி அவளுடைய தலையை மடியில் வைத்திருந்தாள். மஞ்சள் வெஸ்ற் நனைந்துகொண்டே வந்தது. ஷூச்சின் ஒரு சொல்லும் பேசவில்லை. கண்ணைத் திறக்க முடியாமல் புனிதவதியின் கையை மட்டும் பிடித்திருந்தாள். ஒரு முறை, தலையை அசைத்துவிட்டோமோ என்று பயந்தவள்போல, பிடியைக் கொஞ்சம் இறுக்கினாள்.

கன்ன எலும்பு உடைந்திருந்தது. கண் தப்பியது. அன்று மாலையே புனிதவதிக்குத் தகவல் தெரிந்துவிட்டது. ஆனாலும் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. புருஷன் மகேஸ்வரன், "நீ கத்தியிருக்காட்டி மண்டையில விழுந்திருக்கும், உயிரே போயிருக்கும்," என்று ஆறுதல் சொல்லிப் பார்த்தார். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் கத்தியதும் அந்த முகம் சொல்வழி கேட்கும் பிள்ளையின் முகம்போல மேலே நிமிர்ந்ததை அவர் பார்க்கவில்லை.

அடுத்த நாள் காலை வின்சன்ற் அவளை ஒஃபீசுக்குக் கூப்பிட்டார். நாற்பது வயது, சிறுவயதில் மன்னாரிலிருந்து தாய்தகப்பனோடு வந்தவர். ஒருவரையும் எடுத்தெறிந்து பேசாத மனிதர். அன்று அவருக்கு முகம் கறுத்துப்போயிருந்தது. மேசையில் ஒரு ரிப்போர்ட் அச்சடித்துத் தயாராக இருந்தது.

"இருங்கோ அக்கா. நீங்கள் கத்தினனீங்கள்தானே?"

"ஓம்."

"அவவுக்குக் கேட்டதுதானே?"

"கேட்டது, தம்பி."

"அப்ப இதில ஒரு சைன் வையுங்கோ. கண்ட ஆள் நீங்கள் மட்டும்தான். தொழில் மினிஸ்ற்றியில இருந்து வரப்போகினம். அதுக்கு முதல் பேப்பர் சரியா இருக்கவேணும்."

புனிதவதி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தாள். அதில் இருந்தது இரண்டே வரி. தொழிலாளிக்கு உரிய நேரத்தில் வாய்மொழி எச்சரிக்கை கொடுக்கப்பட்டது. தொழிலாளி அதைக் கவனிக்கத் தவறினார்.

"தம்பி, கவனிக்கேல்லை எண்டு கிடக்கு."

"ஓம், அது வழக்கமா எழுதிறதுதான்."

"அவ கவனிச்சவ. கவனிச்சபடியாத்தான் அடிபட்டது."

வின்சன்ற் நெற்றியைத் தேய்த்தார். "அக்கா, காயத்துக்குரிய காசு அவவுக்கு எப்பிடியும் வரும். இந்தப் பேப்பரால அது நிக்காது. இது கொம்பனிக்கு மட்டும்தான்."

"ஏஜென்சிக்கும் ஒரு கொப்பி போகுமோ?"

 "போகும்," என்றார்.

"வோர்னிங் குடுத்தும் கேளாத ஆள் எண்டு கண்டால் அவையள் அவவைத் திரும்ப வேலைக்கு அனுப்புவினமோ?"

அவர் பேனையை எடுத்து அவளிடம் நீட்டினார். புனிதவதி அதை வாங்கி மேசையில் வைத்தாள். "திங்கக்கிழமை நானே எழுதிக்கொண்டு வாறன்," என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.  பதினோரு வருடத்தில் அந்த ஒஃபீசில் அவள் மாட்டேன் என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

ஞாயிற்றுக்கிழமை ரவைக் கஞ்சி காய்ச்சி எடுத்துக்கொண்டு ஷூச்சினின் பேஸ்மென்றுக்குப் போனாள். ஷூச்சினின் முகம் ஒரு பக்கம் வீங்கி, ஊதா நிறமாகியிருந்தது. வாயைக் கொஞ்சம்தான் திறக்க முடிந்தது. மேசையில் லேபிள் தாள் ஒன்றையும் காணவில்லை.

புனிதவதி வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்ததை ஒரே மூச்சில் சொன்னாள். "கத்தியது நான்."

"தெரியும். உன் குரல் எனக்குத் தெரியாதா?"

"நான் வேறு சொல்லைக் கத்தியிருக்க வேண்டும்."

ஷூச்சின் கஞ்சியை ஒரு கரண்டி எடுத்து ஆறவைத்தாள். "நீ தலை மேலே என்று சொன்னாய். நான் தலையை மேலே வைத்தேன். நீ பிழை இல்லை. நான் பிழை இல்லை. அந்தச் சொல் பிழை."

பிறகு, இதுவரை சொல்லாத ஒன்றைச் சொன்னாள். ஊரில் அவள் இருபத்தாறு வருடம் ரயில் நிலைய அறிவிப்பாளராக இருந்தாளாம். எந்த ரயில், எந்த மேடை, எத்தனை நிமிடம் தாமதம். வயல்காரரும் வருவார்கள், பேராசிரியரும் வருவார்கள், எழுத வாசிக்கத் தெரியாத கிழவரும் வருவார்கள். எல்லோருக்கும் ஒரே தடவையில், ஒரே மாதிரி விளங்க வேண்டும். விளங்காவிட்டால் ஆள் பிழையான மேடைக்குப் போய்விடும். "என்னைப் பயிற்றியவர் சொன்னார், நீ பேசுவது அழகாக இருக்கிறதா என்று யோசிக்காதே, அவசரத்தில் ஓடி வருகிறவனுக்கு என்ன கேட்கும் என்று யோசி என்று. இங்கே வந்து ஐந்து வருடமாக நான்தான் ஓடி வருகிறவள்."

அவள் அழவில்லை. புனிதவதிக்குத்தான் கண் கலங்கியது. அழகுக்கு ஒன்றும், அவசரத்துக்கு ஒன்றும் என்று ஒரு பாஷையைப் பிரித்துப் பார்க்கலாம் என்பதே அன்றுவரை அவளுக்குத் தோன்றியதில்லை. வினாகிரியும் வயிற்றெரிச்சலும் சாப்பாட்டு மேசைக்கு நல்லவை. மேலேயிருந்து பெட்டி விழும்போது அவற்றுக்கு அங்கே என்ன வேலை?

அன்று மாலை யூனியன்வில்லில் தன் வீட்டுச் சமையலறை மேசையில் இருந்து எழுதத் தொடங்கினாள். இரண்டு வசனத்துக்கு மேல் ஓடவில்லை. யூனிவர்சிற்றியில் படிக்கும் மகள் நிலாணி வந்து எட்டிப் பார்த்தாள்.

"அம்மா, மிஸ்கொமியூனிகேஷன் எண்டு போடுங்கோ. இற் சவுண்ட்ஸ் மோர் ப்ரொஃபெஷனல்."

"அதுக்கு என்ன கருத்து?"

"லைக், ரெண்டு பேருக்கும் விளங்கேல்லை, ஒருத்தற்ரை ஃபோல்ற்றும் இல்லை எண்ட மாதிரி."

"அப்ப அது வேண்டாம். நான் கத்தின சொல்லையே போடப்போறன். அவ அதைக் கேட்டு என்ன செய்தவ எண்டும் போடப்போறன். நீ எழுத்துப் பிழையை மட்டும் பார்."

நிலாணி தோளைக் குலுக்கிவிட்டு எழுத்துப் பிழைகளைத் திருத்தினாள். மொத்தம் பதினான்கு பிழைகள். கடைசியில் தேறியது ஒன்பது வரி. நான் ஹெட்ஸ் அப் என்று கத்தினேன். அதற்கு நேரடிக் கருத்துத் தலையை மேலே உயர்த்து என்பது. அவர் நான் சொன்னதைச் செய்தார். எங்களில் பலர் வீட்டில் வேறு பாஷை பேசுகிறவர்கள். எச்சரிக்கைக்கு எந்தச் சொல் என்று எங்களுக்கு ஒருவரும் பழக்கித் தரவில்லை. இதுதான் அதன் சாரம்.

திங்கட்கிழமை வின்சன்ற் அதை நின்றபடியே வாசித்தார். பிறகு இருந்து, இன்னொரு முறை வாசித்தார்.

"இதைக் குடுத்தா மேல இருக்கிறவை என்னைத்தான் கேப்பினம், அக்கா. ஏன் ட்ரெயினிங் குடுக்கேல்லை எண்டு."

"கேட்டா நானும் வந்து சொல்லுறன், தம்பி. உங்களுக்கும் ஒருத்தரும் சொல்லித் தரேல்லைத்தானே."

அவர் அச்சடித்து வைத்திருந்த தாளை இரண்டாக மடித்துக் குப்பைக் கூடையில் போட்டார். சந்தோஷமாகப் போடவில்லை. அன்றும் அடுத்த நாளும் அவளோடு அவர் முகம் கொடுத்துப் பேசவும் இல்லை. ஆனால் அந்த ஒன்பது வரியும் மேலே போனது.

மினிஸ்ற்றியிலிருந்து வந்த பெண் புனிதவதியை ஒரு மணித்தியாலம் விசாரித்தாள். தட்டுகளின் பின்பக்கம் கம்பி வலை அடிக்கச் சொல்லி உத்தரவு வந்தது. எச்சரிக்கைச் சொல்லை எல்லோருக்கும் பழக்க வேண்டும் என்றும் அதே கடிதத்தில் இருந்தது. வலைக்கு ஆட்கள் அந்தக் கிழமையே வந்துவிட்டார்கள். எந்தச் சொல் என்று முடிவெடுக்கத்தான் இழுபட்டது. "வோச் அவுட்" என்றார் ஒருவர். "லுக் அவுட்" என்றார் இன்னொருவர். அப்படியானால் வெளியே எட்டிப் பார்ப்பதா என்று புனிதவதி கேட்டாள்.

ஒன்பது கிழமைக்குப் பிறகு ஷூச்சின் திரும்பி வந்தாள். பாரம் தூக்காத வேலை கொடுத்திருந்தார்கள். கன்னத்தில் ஒரு பள்ளம் விழுந்திருந்தது. மேலே பார்த்தால் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறது என்றாள். அது முழுதாக மாறுமா என்று டொக்ரருக்கும் தெரியவில்லை. காலைக் கூட்டத்தில் வின்சன்ற் அவளை முன்னால் வரச்சொல்லி, எந்தச் சொல் நல்லது என்று நேரடியாகக் கேட்டார். நாற்பது பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பஞ்சாபி, தமிழ், தகாலொக், சீனம், ஸ்பானிஷ் என்று வீட்டில் அத்தனை பாஷை பேசுகிற நாற்பது பேர்.

"ஸ்ரொப்," என்றாள் ஷூச்சின். "இங்கே ஒவ்வொரு றோட்டிலும் இருக்கிற சொல். கேட்டால் நில். நின்ற பிறகு பார். கத்தியவர் கை காட்டும் பக்கம் போ."

பிறகு அதை எப்படிச் சொல்ல வேண்டும் என்று சொல்லிக் காட்டினாள். அவள் கீச்சிட்டுக் கத்தவில்லை. வயிற்றிலிருந்து எடுத்து, கடைசி எழுத்தை விழுங்காமல், கூரையின் மறுமுனைவரை போகும்படி ஒரே ஒருமுறை விட்டாள். அங்கே பெட்டி ஒட்டிக்கொண்டிருந்த ஒருவன் உண்மையாகவே கையை எடுத்துவிட்டு அசையாமல் நின்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், ஒரு பக்கத்தால்.

அன்றிலிருந்து எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. பழக்கத்தில் பழைய சொல்லைக் கத்துகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஏஜென்சி ஷூச்சினைத் தொடர்ந்து அனுப்பியது. ஆனால் நிரந்தரமாக்கும் பேச்சை ஒருவரும் எடுக்கவில்லை. ஆங்கிலச் சொல்வழக்குகள் மேல் அவளுக்கு வந்த கோபம் மாசிப் பனி கரையும்வரை இருந்தது. யாராவது ஏதாவது வளைத்துப் பேசினால், "நேரே சொல்," என்று முகத்துக்கு நேரே கேட்டாள். அப்படிக் கேட்கலாம் என்பதைப் புனிதவதியும் அவளிடமிருந்து பழகிக்கொண்டாள். வங்கியில் கேட்டாள், டொக்ரரிடம் கேட்டாள். ஒருவரும் கோபிக்கவில்லை என்பது அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

ஆனி மாதம் கல்கரியில் ஷூச்சினின் மகளுக்குப் பெண்குழந்தை பிறந்தது. இந்த முறை ஷூச்சின் தானாகவே போக முடிவெடுத்தாள். மகள் வீட்டுக்குப் பக்கத்தில் தனக்கென்று ஒரு அறையும் பார்த்துவிட்டாள். கடைசி வேலை நாளன்று வின்சன்ற் வாசல்வரை வந்து அவளுக்குக் கை கொடுத்தார். "டோன்ற் பி எ ஸ்ரேஞ்சர்," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

புனிதவதி அவளை வீட்டில் இறக்கிவிடக் கூட்டிக்கொண்டு போனாள். பதினாலாம் அவெனியூவில் சிவப்பு விளக்கில் நின்றபோது, மனதுக்குள் அரித்துக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டாள்.

"அவர் என்ன சொன்னார்? அந்நியராக இருக்காதே என்றா? நீ அவருக்கு அந்நியம் இல்லையே."

அந்தத் தொடர் புனிதவதிக்கும் புதிது.

ஷூச்சின் கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி யோசித்தாள். "எங்களை மறக்காதே, இடைக்கிடை கோல் பண்ணு என்று அர்த்தம்."

"உனக்கு முதலே தெரியுமா?"

"இல்லை. அவர் முகத்தைப் பார்த்தேன்."

விளக்குப் பச்சையாயிற்று. பின்னால் நின்ற கார்க்காரன் ஹோர்ன் அடித்தான். புனிதவதி காரை எடுத்தாள்.